சாட்டை என்று பாடியவள்

மஞ்சள் தண்ணீரை இடது கையால் ஊற்றி வலது கையால் தேய்த்துக்கொண்டே வந்த ஆதியம்மாளின் விரல்கள், பவானியின் கழுத்துக்கு வந்ததும் நின்றன. தலையை மடியில் தாங்கியிருந்ததால் கழுத்து நன்றாகத் தெரிந்தது. தொண்டைக் குழிக்கு ஒரு பக்கமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருநீலத் தடம். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. தலையை மெல்லத் திருப்பிப் பின்கழுத்தைப் பார்த்தாள். அங்கே நாலு தடம், வரிசையாக.

எதிரே உட்கார்ந்து காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வரலட்சுமியும் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று செம்பைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மொள்ள எழுந்தாள். அண்டா அவள் கைக்கெட்டும் தூரத்திலேயேதான் இருந்தது.

கடப்பாக்கத்துக் கோட்டைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அந்தக் குப்பத்தில், செத்தவள் பெண்ணானால் நாலு பக்கமும் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டி, பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். மறைப்புக்கு வெளியே ஆண்கள் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பவானிக்கு வலிப்பு வந்து கொல்லையில் விழுந்து உயிர் போய்விட்டது என்று அவள் புருஷன் கேசவன் சொல்லியிருந்தான். பவானிக்கு வயது இருபத்தொன்று. வலிப்பு வந்ததாக அதற்கு முன் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. விழுந்தவளுக்கு முழங்கையிலோ நெற்றியிலோ ஒரு சிராய்ப்பாவது இருக்கும். அதுவும் இல்லை. கண்கள் அரைவாசி திறந்திருந்தன. ஆதியம்மாள் அவற்றை மூடி, கொஞ்ச நேரம் விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

பிறகு கூறைப் புடவையைக் கழுத்து மறையும்படி சுற்றச் சொன்னார்கள். சுற்றினாள்.

ஆதியம்மாள் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் பிறந்து, தாண்டவராயனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். கட்டுமரத்தில் போன தாண்டவராயன் ஒரு ஐப்பசியில் திரும்பி வரவில்லை. கைக்குழந்தை தேவாவை இடுப்பிலும் மீன்கூடையைத் தலையிலும் வைத்துக்கொண்டு அவள் ரோட்டுக்கு வந்தாள். கரையில் ஏலம் எடுத்து, பஸ் ஏறி, கல்பாக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெருக்களில் கூவி விற்பாள். மூன்றாம் மாடியில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தாலும் அவள் குரல் கேட்கும். அந்தக் குரலை வைத்துத்தான் ஊர் அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவள்தான் முதல் ஆள். ஆதி வாயெடுத்தால் மேளக்காரன் கையை நிறுத்துவான்.

ஒப்பாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளதை உள்ளபடி பாடினால் யாரும் அழமாட்டார்கள். பெண்டாட்டியைத் தினமும் உதைத்தவன் செத்தால் தங்கக் குணத்தான் என்று பாட வேண்டும். ஊர் நாட்டாரான, நாட்டாமை பார்க்கும் எல்லப்பனின் அப்பாவுக்கு வாழ்நாள் முழுக்க இருந்தது ஓட்டைப் படகு ஒன்று. அவர் செத்தபோது ஏழு கப்பல் ஓட்டிய துரையே என்று ஆதியம்மாள் பாடினாள். எல்லப்பன் தேம்பித் தேம்பி அழுதார். யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. ஒப்பாரியில் அதெல்லாம் கணக்கில்லை.

ஒப்பாரியை விட்டால், ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் அந்த ஊர்ப் பெண் வாய்திறந்து பேச வேறு இடம் கிடையாது. அதனால் அன்றைக்குப் பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஆதியம்மாள் கண்டதைப் பாட்டில் வைத்தாள்.

‘சங்குக் கழுத்துக்குச் சரப்பளி நான் கேட்டேன், என் கண்ணே,
சரப்பளி கேட்ட கழுத்தில சாட்டையடி பாத்தேனே.
கும்பிட்ட கையாலே கொன்னானோ என் கிளியே,
கொல்லையில வலிப்புன்னு கூசாமச் சொன்னானோ.’

பாடும்போது அவள் நினைத்தது இவ்வளவுதான்: யாராவது ஒரு ஆம்பளை எழுந்து, பாடையை இறக்கு, கழுத்தைப் பார்ப்போம் என்பான். யாரும் எழவில்லை. மேளக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் கேசவனின் அம்மாவே டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்து, “கல்லுகூட கரைஞ்சிடும் ஆதி, இன்னிக்கி நீ பாடினதுக்கு” என்றாள்.

பொழுது சாய்வதற்குள் பவானியை எரித்துவிட்டார்கள்.

சாம்பலானவளைப் பற்றி ஸ்டேஷனில் போய் என்ன சொல்வது? நாட்டாரைக் கேட்காமல் போலீசுக்குப் போன குடும்பம் ஊரில் இருந்ததும் இல்லை. ஆதியம்மாள் பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு பிழைப்பைப் பார்த்தாள். காரியத்தன்று ஒரு செய்தி வந்திராவிட்டால் அப்படியே இருந்திருப்பாள்.

பவானி விட்டுப்போனது எட்டு மாதக் கைக்குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை பச்சையம்மாவையே கேசவனுக்குக் கட்டிவைப்பது என்று காரியத்துப் பந்தலிலேயே முடிவு செய்தார்கள். அந்தப் பக்கம் அது வழக்கம்தான். வருகிற வெள்ளிக்கிழமை, அம்மன் கோவிலில் தாலி. பச்சையம்மாவுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. அப்பன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அம்மா தெய்வானை யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவள். பேச வேண்டிய இடத்தில் பேச அந்த வீட்டில் ஆண் குரல் இல்லை.

ஆதியம்மாள் பஞ்சாயத்தில் பிராது கொடுத்தாள்.

கோவிலுக்கு முன்னால் மணலில் ஆண்கள் உட்காருவார்கள். வலை வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் பெண்கள் நிற்கலாம். பெண்ணின் பிராதை அவள் வீட்டு ஆண் எழுந்து சொல்ல வேண்டும். ஆகவே தேவா எழுந்தான். இருபத்துநாலு வயது. கேசவனின் ஃபைபர் படகில் ஆளாகப் போகிறவன்.

“பிராது இன்னா நைனா?” என்றார் எல்லப்பன். அவர் கேசவனுக்குச் சித்தப்பா முறை.

“பச்சையம்மாவ கேசவன் அண்ணாத்தைக்குக் குடுக்க வேணாம்னு எங்கம்மா சொல்லுது.”

“ஏன், பொண்ணு உனுக்குக் கேக்குதா?”

கூட்டம் சிரித்தது. தேவா காதைச் சொறிந்தான். “அதெல்லாம் இல்ல. குளிப்பாட்டும்போது பவானி அண்ணி கழுத்துல இன்னாவோ பாத்துச்சாம். கன்னிப்போன மாரி. இருட்டுல சரியாத் தெர்லயாம்.”

“இன்னாடா இருட்டு?” கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஆதியம்மாள் வந்துவிட்டாள். “பட்டப்பகல்ல மடியில போட்டுகினு பாத்தேன். கழுத்தப் புடிச்சி நெரிச்ச வெரலு. முன்னால ஒண்ணு, பின்னால நாலு.”

“எம்மா, இது மீன் ஏலமா? ஏன் கத்தற?” என்றான் முன்வரிசையில் ஒருவன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி சொன்னாள்.

“இன்னாது? வாய்க்குள்ளயே முனவுது. நெசம்னா தொண்ட தொறந்து வராதா?” என்றான் அதே ஆள்.

எல்லப்பன் கையை உயர்த்தினார். கோபக்காரர் அல்ல, நயமாகப் பேசுகிறவர். “ஆதி, அன்னிக்கி இன்னா பாடின? சாட்டையடின்னுதான? நானும் அங்கதான் குந்திகினு இருந்தேன். இப்ப வெரலுன்ற. எது?”

“சாட்டை பாட்டுக்கு நாட்டாரே. வெரலு நெசம்.”

“நம்ம குப்பத்துல சாட்டை யாரு வூட்ல கீது? மீன சாட்டையால அடிச்சா புடிக்கிறோம்?” சிரிப்பு அடங்கும்வரை இருந்தார். “எங்கப்பனுக்கு ஏழு கப்பல்னு பாடின. எங்க அந்தக் கப்பல்லாம்? காட்டு, நான் ஒண்ணு எடுத்துக்கறேன். பாக்கிய ஊருக்கு வுட்டுடலாம்.”

இந்த முறை கொட்டகைக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது.

“பாட்டு வேற, பிராது வேற.”

“அத நாங்க எப்டி பிரிக்கறது? பாட்ட தனியா நெசத்த தனியா அரிச்செடுக்க ஒரு வலை பின்னிக் குடு.”

“வரலட்சுமியக் கேளுங்க. கூட இருந்து குளிப்பாட்டினவதான.”

வரலட்சுமி எல்லப்பனின் மனைவி. பஞ்சாயத்து போர்டில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய முதல் தேர்தலில் நின்று மெம்பரானவள். செங்கல்பட்டில் நடந்த மெம்பர்கள் பயிற்சிக்கு இரண்டு முறை போய்வந்தாள். எல்லாரும் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “எனுக்குக் கண்ணெல்லாம் தண்ணி. ஒண்ணும் தெர்ல” என்றாள்.

அப்போது கேசவன் எழுந்தான். குழந்தையை மடியில் வைத்திருந்தான், தூக்கிக்கொண்டே எழுந்தான். ஒன்றும் பேசவில்லை. அழுதான். தோள் குலுங்க அழுதான். குழந்தையும் அழுதது. மூத்த ஆள்கள் இரண்டு பேர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் அழுகை பொய் என்று ஆதியம்மாளுக்குக்கூடத் தோன்றவில்லை. கொன்றவனும் அழுவான். அதை அவள் எத்தனையோ சாவு வீட்டில் பார்த்தவள்.

“அவன் அழுவறான் பாரு,” என்றான் முன்வரிசைக்காரன். “அன்னிக்கி மாருல அடிச்சிகினு அப்டி அழுதியே ஆயா, இன்னிக்கி ஒரு சொட்டு காணோமே. கண்ணுல கெணறு வத்திப்போச்சா?”

ஆதியம்மாள் கையை நீட்டினாள். “சூடம் ஏத்துங்க. உள்ளங்கையில வெச்சி அணைக்கிறேன்.”

“தாலியறுத்தவ அம்மன் சன்னதியில சூடத்தத் தொடறதில்ல. அது உனுக்கே தெரியும்” என்றார் எல்லப்பன்.

கூட்டம் அதற்குமேல் நீளவில்லை. கல்யாணம் குறித்தபடி வெள்ளிக்கிழமை நடக்கும். இல்லாததைச் சொன்னதற்காக ஆதியம்மாள் கேசவனின் அம்மா காலில் விழ வேண்டும். விழும்வரை கரையில் அவளுக்கு ஏலம் கிடையாது, தேவாவுக்கும் படகு கிடையாது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் எறிந்தான் தேவா.

“இருட்டுன்னு ஏண்டா சொன்ன?” என்று கேட்டாள்.

“பின்ன? சரியாத் தெர்லன்னா கெழவி ஒளறிடுச்சுன்னு வுட்டுடுவாங்க. உன்னக் காப்பாத்தத்தாம்மா சொன்னேன். நீ எங்க வுட்ட?”

“நல்லா காப்பாத்தின.”

“போய் கால்ல வுழுந்துடும்மா. பேஜாரு வேணாம். ரெண்டு நிமிசம்.”

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. வரலட்சுமி மட்டும் நின்றிருந்தாள். ஆதியம்மாளைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கப் போனாள். பாதிதான் நிரம்பியிருந்தது.

“ரொம்பட்டும், ஓடாத,” என்றாள் ஆதியம்மாள். “நீ பாத்த.”

“பாத்தேன்.”

“செங்கல்பட்டு போய் பேசக் கத்துகினு வந்தவ.”

வரலட்சுமி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். “மைக்க எப்டி புடிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க யக்கா. எதச் சொன்னா வூட்டுக்குள்ள சேத்துக்குவாங்கன்னு யாரும் சொல்லல.” குடத்து விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “உன்ன நம்பலன்னா நெனைக்கிற? அன்னிக்கி நீ பாடும்போதே ஊரே நம்பிடுச்சு. எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளு சோறு துன்னல. நம்பி இன்னா பண்றது? கேசவனுக்கு மூணு படகு கீது. எத்தினி வூட்டு ஆம்பளைங்க அதுல போறாங்க, சொல்லு.”

இத்தனை நாளும் யார் நம்புவார்கள் என்றே ஆதியம்மாள் அலைந்துகொண்டிருந்தாள். பாட்டில் சரியாகச் சொல்லவில்லையோ, குரல் கூடிப் போனதோ, அழுதிருக்க வேண்டுமோ என்று குழாயடி வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அத்தனையும் வீண் கணக்கு. நம்பிவிட்டு எழுந்து போனவர்களை என்ன சொல்லித் திருப்புவது? ஊருக்குச் சொன்னாள், நாட்டாருக்குச் சொன்னாள். கழுத்தை நீட்டப் போகிற பெண்ணிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உறைத்தது.

குடத்தைக் குழாயடியிலேயே வைத்துவிட்டுத் தெய்வானை வீட்டுக்கு நடந்தாள்.

பச்சையம்மா அப்பனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் உடம்பை முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தாங்கியிருந்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. தெய்வானை அடுப்படியில் இருந்தாள். ஆதியம்மாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நான் பாடினத மறந்துடு. இப்ப சொல்றதக் கேளு,” என்றாள். “உங்கக்காளுக்கு வலிப்பு வரல. கழுத்த நெரிச்சிருக்கான்.”

“சாட்டைன்னு பாடினீங்களே அத்த.”

“சாட்டை இல்ல. சாட்டைன்னா அடிக்கிறவனுக்குக் கை நோவும், வுட்டுடுவான். இது வேற.” தன் கையை எடுத்துப் பச்சையம்மாவின் கழுத்தில் வைத்தாள். அழுத்தவில்லை. “கட்டவெரலு இங்க கீது. மத்த வெரலு இங்க. அவ்ளோதான் நான் பாத்தது. அதுக்கு மேல ஒண்ணும் சேக்கல.”

பச்சையம்மா அசையாமல் இருந்தாள். அந்தக் கைக்கடியில் அவள் எச்சில் விழுங்குவது தெரிந்தது.

“கண்ணு தொறந்து இருந்துச்சா?”

“இருந்துச்சி. நாந்தான் மூடினேன்.”

“கொழந்தைய யாரு பாப்பா?”

“அதோட பாட்டி கீறா, பாக்கட்டும். நீயும் போய்ச் செத்தா அதுக்கு ரெண்டு தபா ஆத்தா செத்த மாரி.” கையை எடுத்துக்கொண்டாள். “கல்பாக்கத்துல நான் மீன் போடற வூடு ஒண்ணு கீது. ஜெகதாம்பாள்னு ஒரு அம்மா. ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போறவங்க. மாமியார் படுத்துட்டாங்க, தூக்கி ஒக்கார வெக்க ஆள் கேட்டுகினு கீறாங்க. நீ வரியா?”

பெண் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து தெய்வானையின் குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். “நாளைக்கி இவர யாரு பொரட்டிப் போடறது?”

“நீதான். உனுக்கு ரெண்டு கை கீது.”

“வெள்ளிக்கெழம நாட்டார் வந்து நின்னா இன்னா சொல்லுவேன்?”

“ஆதி இட்டுகினு பூட்டான்னு சொல்லு. எனுக்கு இனிமே ஊர்ல அறுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

தெய்வானை ஊதுகுழலை எடுத்து ஊதினாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பச்சையம்மா அப்பனின் சட்டையை இழுத்துவிட்டு, மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்தாள். “மொத பஸ்ஸா?” என்றாள்.

“மொத பஸ்ஸு.”

மறுநாள் காலையில் கரையில் ஏலக் கூச்சல் தொடங்கியபோது ஆதியம்மாள் அந்தப் பக்கம் போகவில்லை. தெய்வானை வீட்டு வாசலில் ஒரு ஒயர் கூடை இருந்தது. அதில் மடித்த இரண்டு தாவணியும் ஒரு துண்டும் ஒரு சீப்பும் இருந்தன. தெய்வானை வெளியே வரவில்லை. உள்ளே அவள் புருஷனைப் புரட்ட மூச்சுப் பிடிப்பது கேட்டது. பச்சையம்மா உள்ளே போகக் காலெடுத்தாள். ஆதியம்மாள் அவள் கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்த பஸ்ஸில் கண்டக்டர் ஆதியம்மாளைப் பார்த்து, “இன்னா ஆயா, கூடை எங்க? இன்னிக்கி வண்டி மணக்குது” என்றான்.

“ரெண்டு டிக்கட் குடு” என்றாள்.

பச்சையம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் தாண்டும்வரை தலையைக் குனிந்தே வந்தாள். சவுக்குத் தோப்பு வந்த பிறகு நிமிர்ந்தாள். அழவில்லை. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆதியம்மாள் அதை எடுத்து மடியில் வைத்தாள். சற்று நேரத்தில் கை மறுபடி கழுத்துக்கே போயிற்று.

குவார்ட்டர்ஸில் ஜெகதாம்பாள் அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். ஒரு காதில் தோடு, மற்றது கையில். பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள்.

“படுத்திருக்கிறவங்களைப் பார்த்துப் பழக்கம் உண்டா?”

“அப்பனை இவதாம்மா பாத்துகினா. புண்ணு வராம வெச்சிருந்தா.”

“சரி. ஊர்ல எதுவும் பிரச்சினை இல்லையே? யாராவது தேடிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கப் போறாங்க. எனக்கு அதெல்லாம் ஒத்துவராது, இப்பவே சொல்லிடுங்க ஆதியம்மா.”

ஆதியம்மாள் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“ஒண்ணும் இல்லம்மா. கஷ்டப்பட்ட குடும்பம், அவ்ளோதான்.”

“நீங்க சொன்னா சரி” என்று ஜெகதாம்பாள் தோட்டை மாட்டிக்கொண்டு கதவை விரியத் திறந்தாள். பச்சையம்மா வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.